முதுகோடு முதுகாக இரண்டு கண்டென்சர்

தம்பி புறப்பட்ட அன்று கடைத்தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்து, கணுக்கால் உயரத்துக்கு வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி அவன் வேனை நோக்கி நடந்தான். உல்லாசக் கப்பலில் ஒலியமைப்பு வேலைக்குச் சேரப் போகிறவன் அவன். பார்த்தால் கப்பல் கவிழ்ந்து கரையேறியவன் மாதிரி இருந்தான்.

அக்கா அதை அப்படியே உரக்கச் சொன்னாள். தெருவே சிரித்தது. தம்பியும் சிரித்தான், சத்தமில்லாமல்.

அக்காவுக்குத் தெருவில் தம்பட்டம் என்று பெயர். எதிர்ச்சாரியில் யாராவது தும்மினால் இந்தச் சாரியிலிருந்தே நலம் விசாரிப்பாள். தம்பிக்குக் கல்லுளி என்று பெயர், கல்லுளிமங்கனின் சுருக்கம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இப்படியா என்று கேட்கிறவர்களுக்கு அக்காவே பதில் வைத்திருந்தாள். "வீட்டுக்கு வந்த வார்த்தையெல்லாம் நான் முதல்லயே பிறந்து எடுத்துக்கிட்டேன். பாவம், அவனுக்கு மிச்சம் கிடைச்சது நாலோ அஞ்சோதான். பாத்துப் பாத்துச் செலவழிக்கிறான்."

வேனில் ஏறும்போது அந்தச் சேமிப்பிலிருந்து அவன் கொஞ்சம் செலவழித்தான். பக்கத்துச் செல்போன் கடையைக் கண்ணால் காட்டி, "கடையை அவருக்கே குடுத்துடுக்கா" என்றான். அவ்வளவுதான். வேனை ஓட்டிய அக்காவின் வீட்டுக்காரர் கியரைப் போட்டார். சக்கரம் கிளப்பிய தண்ணீர் அக்காவின் புடவையை நனைத்தது.

கடை என்றால் பெரிய கடையில்லை. ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கிற இடம். அகலம் இரண்டு ஆள். தெருவைப் பார்த்த கவுண்டரில் ஸ்டூல் போட்டு அக்கா உட்காருவாள். சுவரைப் பார்த்த பெஞ்சில் தம்பி உட்காருவான். இடம் போதாததால் இருவர் முதுகும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். கோபமாக வருகிற வாடிக்கையாளரை அக்கா வாங்கிக்கொள்வாள், கெட்டுப்போன பெட்டியைத் தம்பி வாங்கிக்கொள்வான். "எப்பம்மா கிடைக்கும்?" என்று யாராவது கேட்டால் அக்கா முதுகால் ஓர் இடி இடிப்பாள். அவன் "வியாழன்" என்பான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அக்கா கால் மணி நேரம் பேசுவாள். ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னை அவள் தொட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. பிளக் மாற்றுவாள், அறுந்த ஒயரை ஒட்டுவாள். அதற்குமேல் போனதில்லை.

தம்பி போன மறுநாளே செல்போன் கடைக்காரர் அளவு டேப்போடு வந்துவிட்டார். நடுச்சுவரை இடித்தால் அவருக்குக் கடை இரட்டிப்பாகும்.

"அக்கா, தம்பி சொல்லிட்டுத்தானே போனாரு?"

"அவன் சொன்னா ஆச்சா? இந்தக் கடைக்கு வாய் நான்."

"வாய் இருக்குக்கா. அதை யாரு இல்லேன்னா? கைக்கு எங்க போவீங்க?"

டீக்கடை வாசலில் நின்றிருந்தவர்கள் ஓவென்று சிரித்தார்கள். மற்றவர்களைச் சிரிக்கவைத்தே பழகியவளுக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது. வாயும் முந்திக்கொண்டது.

"இந்த மாசம் முடியறதுக்குள்ள, கெட்டு வர்ற ஒரு பெட்டியை நானே திறந்து, நானே சரிபண்ணி, பாட வைக்கிறேன். வைக்கலேன்னா சாவி உங்களுது. போங்க, போய் டேப்பைச் சுருட்டி வைங்க."

சொன்னது தெரு முழுக்கக் கேட்டுவிட்டது, இனி விழுங்க முடியாது. அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் கேட்டார். "ஏம்மா, கடை போனாத்தான் என்ன? வீட்டுல நிம்மதியா இரேன்."

"வீட்டுல நான் யார்கிட்டங்க பேசறது?"

"என்கிட்ட பேசு."

"நீங்கதான் ரெண்டாவது நிமிஷமே குறட்டை விடுறீங்களே."

அவளுக்கு அந்த இரண்டு ஆள் அகலக் கடைதான் உலகம். அது போய்விட்டால் தம்பட்டத்தை எங்கே மாட்டுவது, யார் கேட்க அடிப்பது?

அடுத்த நாள் முதல் வேலையாகப் பெஞ்சைத் துடைத்தாள். தம்பி இருந்தவரை அந்தப் பக்கம் துடைப்பம் நுழைந்ததில்லை. திருகாணி, ஒயர்த் துண்டு, ஈயப் பொட்டு எல்லாவற்றையும் பிரித்து வைத்தாள். ஒரு தகர டப்பா நிறையக் கறுப்பு உறை போர்த்திய ஏதோ துண்டுகள் கிடந்தன. விரல் நீளம், இரு முனையிலும் மீசை மாதிரிக் கம்பி, உடம்பில் ஓர் எழுத்தோ எண்ணோ கிடையாது. எழுத்தில்லாத சரக்குக்கு என்ன விலை சொல்லி விற்பது? கவுண்டரில் உட்கார்ந்தே காலம் கழித்தவளுக்கு அந்தக் கணக்குத்தான் தோன்றியது. வாசலில் பழைய சாமான்காரர் குரல் கேட்டதும், உடைந்த மின்விசிறியோடு சேர்த்து டப்பாவையும் அவர் சாக்கில் கொட்டினாள். பெஞ்ச் பளபளத்தது. பெருமையாக இருந்தது.

இரண்டாவது வாரத்தில் சக்கரத்தம்மா வந்தாள். ஸ்கேட்டிங் அரங்கத்தை நடத்துகிறவள். இளமையில் பந்தயங்களில் ஓடியவள். இப்போது முழங்கால் ஒத்துழைக்காவிட்டாலும் அரங்கத்துக்குள் சக்கரத்தை விட்டு இறங்க மாட்டாள். அன்றைக்குத் தரையில் நடந்து வந்ததாலோ என்னவோ எரிச்சலாக இருந்தாள். பின்னால் வேலையாள் இடுப்பளவு ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி வந்தான்.

"ஏம்மா தம்பட்டம், இந்தப் பெட்டியில நல்லாத் திம்மு திம்முன்னு அடிக்குது. ஆனா 'ச' மட்டும் வரல. 'சத்தம் போடாதீங்க'ன்னு மைக்ல சொன்னா 'அத்தம் போடாதீங்க'ன்னு கேக்குது. பசங்க என்னை வெச்சுக் கிண்டல் பண்றாங்க. மாசக் கடைசியில போட்டி இருக்கு. கல்லுளி எங்க?"

"அவன் கடல்ல இருக்கான். நான் இருக்கேன்ல?"

சக்கரத்தம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீயா?" என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமலே போனாள். அது கேட்டதைவிட மோசமாக இருந்தது.

பெட்டியைத் திறந்தாள். பெரிய ஸ்பீக்கருக்கு மேலே, கைப்பிடி அளவில் சின்ன ஸ்பீக்கர். கீச்சுக் குரலும் 'ச'வும் 'ஸ'வும் வருவது இதிலிருந்துதான். அதற்குப் போகிற ஒயரில் காவல்காரன் மாதிரி ஒரு கண்டென்சர், பள்ளிப் புத்தகம் மின்தேக்கி என்று சொல்வது. தடித்த ஒலியைத் தடுத்து, மெல்லிய ஒலியை மட்டும் உள்ளே விடுவது அதன் வேலை. அது காய்ந்து, தலை உப்பிக் கிடந்தது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவள் போட்ட கூச்சலுக்குச் செல்போன் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பழையதில் அளவு 4.7 என்று இருந்தது. இழுப்பறையில் தேடினால் 4.7 கிடைத்தது. ஒரு பக்கமாக மைனஸ் கோடு போட்ட சாதாரண உருளை. எண் சரியாக இருந்தால் போதாதா? வைத்தாள், பற்றவைத்தாள், மெல்லப் பாட்டைப் போட்டாள். 'ச' வந்தது! தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி 'ச'வைக் கேட்கச் சொன்னாள்.

பெட்டி அரங்கத்துக்குப் போனது. சாயங்கால வேளை, வளையத்தில் நாற்பது ஐம்பது பேர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சக்கரத்தம்மா சத்தத்தை முழுசாகக் கூட்டினாள். மூன்றாவது பாட்டின் நடுவில் 'டப்' என்று ஒன்று கேட்டது. பெட்டியின் ஓட்டை வழியாக வெள்ளைப் பஞ்சு மாதிரி ஏதோ மெல்லப் பறந்து வந்து சக்கரத்தம்மாவின் தோளில் உட்கார்ந்தது. கருகல் வாடையடித்தது. 'ச' மறுபடி காணாமல் போனது.

"உன் வாய் மாதிரியே இருக்கு நீ வெச்ச சாமான். வேகமா வெடிக்குது" என்றாள் சக்கரத்தம்மா. "போட்டிக்குள்ள சரியா வரணும். இல்லேன்னா பெரிய கடையில புதுசே வாங்கிடுவேன், பாத்துக்கோ."

மறுநாள் பெட்டி கடைக்கே திரும்பி வந்ததும் அக்கா மொத்த வியாபாரிக்குப் போன் செய்தாள்.

"நாலு புள்ளி ஏழுங்க. பழசுல பக்கத்துல என்.பி.ன்னு எழுதியிருக்கு."

"அது நான்-போலார்மா. பிளஸ், மைனஸ் கிடையாது. உடம்புல கோடு இருக்காது, எப்படி வேணா மாட்டலாம். நீங்க கோடு போட்டதை மாட்டினீங்களா?"

"மாட்டினேன்."

"வெடிச்சுதா?"

"தும்முச்சு."

எதிர்முனையில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. "அது அப்படித்தாம்மா. பாட்டு வர்ற கரண்ட் ஊஞ்சல் மாதிரி முன்னயும் பின்னயும் ஆடும். கோடு போட்ட பீஸ் ஒரு பக்கம் வர்றதைத்தான் தாங்கும். லேசா ஆடினாப் பொறுத்துக்கும், சத்தத்தைக் கூட்டிப் பலமா ஆடினா வெடிக்கும். நான்-போலார் அடுத்த லோடுலதான் வரும். அதுவரைக்கும் ரெண்டு சாதா பீஸை சீரியஸ்ல போட்டு ஒப்பேத்துங்க. இருங்க, ஆள் வந்துட்டாங்க." போன் வைக்கப்பட்டது.

சீரியஸ் என்றால் வரிசையாகக் கோப்பது. டார்ச் லைட்டில் பேட்டரி போடுவது போல, ஒன்றின் பிளஸ் மற்றதன் மைனஸோடு. இது தெரியாதா என்ன? 2.2 இரண்டை எடுத்தாள். இரண்டும் சேர்ந்தால் 4.4, ஏறக்குறைய சரி. டார்ச் பேட்டரி மாதிரியே கோத்து மாட்டினாள். பாட்டைப் போட்டாள்.

செல்போன் கடைக்காரர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார். "அக்கா, கொசு எதுவும் உள்ள மாட்டிக்கிச்சா?"

உண்மையில் கொசுதான். பாடகியின் குரல் எங்கோ ஊசி முனையில் நின்று கீச்சிட்டது. 'ச' இருந்தது. ஆனால் எலும்பும் தோலுமாக இருந்தது. கணக்கு சரி, சரக்கு புதுசு, பிறகு ஏன்? தம்பிக்குக் குரல்செய்தி அனுப்பினாள். ஒன்று போதாமல் மேலும் மேலும் அனுப்பினாள். எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக். கப்பல் நடுக்கடலில் இருந்தது. கரை தட்டினால்தான் அவனுக்கு எதுவும் கிடைக்கும்.

போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் ஸ்க்ரூடிரைவரும் மீட்டருமாக அரங்கத்துக்குப் போனாள். நான்கு மூலைக்கு நான்கு பெட்டி, அதில் ஒன்று இப்போது கடையில். வாசல் மூலையில் இருந்ததை முன்பு தம்பி சரிசெய்திருந்தான். அது இன்றும் கணீரென்று பாடிக்கொண்டிருந்தது.

"மேடம், அந்தப் பெட்டியைத் திறந்து பாக்கணும்."

சக்கரத்தம்மா சறுக்கிவந்து அவள் மூக்குக்கு நேரே நின்றாள். "எதுக்கு? கெட்டது பத்தாதா? நல்லா இருக்கறதையும் கெடுக்கவா?"

"கெட்டுப்போனா என் கடையையே எழுதிக் குடுத்துடறேன்."

"உன் கடைய ஏற்கனவே செல்போன்காரருக்குன்னு சொல்லிட்டியாமே. எத்தனை பேருக்கும்மா எழுதுவ?"

அக்கா வாயடைத்து நிற்பதைச் சக்கரத்தம்மா அதுவரை பார்த்ததில்லை. அதிலேயே இளகிவிட்டாள் போலிருக்கிறது. "திற, திற. நான் இங்கயேதான் நிப்பேன்" என்றாள்.

திருகாணிகள் கழன்றன. உள்ளே, சின்ன ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரில், கறுப்பு உறை போர்த்திய துண்டு ஒன்று. விரல் நீளம். இரு முனையிலும் மீசை. எழுத்தில்லை, எண்ணில்லை.

அக்கா தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு டப்பா நிறைய! தம்பி ஓய்ந்த நேரத்திலெல்லாம் செய்து செய்து போட்டுவைத்திருந்தது. எங்கே போகும், எதற்கு ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டானா? சொல்லாதது அவன் குணம். கேட்காமல் கொட்டியது இவள் குணம்.

"அடிப் பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்தது. சக்கரத்தம்மா பயந்துபோய், "என்னாச்சு, ஷாக் அடிச்சுதா?" என்றாள்.

"ஷாக்தான் மேடம். கரண்ட்டு ஷாக் இல்ல."

பெட்டியை அணைக்கச் சொல்லிவிட்டு, உறையை பிளேடால் மெல்லக் கீறினாள். உள்ளே ஒன்றல்ல, இரண்டு உருளை. இரண்டும் கோடு போட்ட சாதாரணச் சரக்குதான். ஆனால் டார்ச் பேட்டரி மாதிரி இல்லை. மைனஸும் மைனஸும் நடுவில் முறுக்கிக்கொண்டு, முதுகோடு முதுகாக ஒட்டியிருந்தன. வெளியே இருந்த இரண்டு மீசையும் பிளஸ்.

அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள். இந்தக் காட்சியை எங்கோ பார்த்தது போலிருந்தது. எங்கே பார்ப்பது? கடையில் அப்படி முதுகு ஒட்டி உட்கார்ந்தே பாதி வாழ்க்கை போயிருக்கிறது. தெருப் பக்கமிருந்து வருவதை ஒருத்தி வாங்கிக்கொள்வாள், சுவர்ப் பக்கத்து வேலையை ஒருவன் வாங்கிக்கொள்வான். ஒருவரால் தாங்க முடியாதது வரும்போது மற்றவர் முகம் கொடுப்பார். ஊஞ்சல் முன்னே வந்தால் ஒன்று தாங்கும், பின்னே போனால் மற்றது தாங்கும். இவள் கோத்த மாதிரி இரண்டையும் ஒரே திசை பார்த்து உட்காரவைத்தால், பின்னாலிருந்து வருவதை யார் பார்ப்பது?

அடுத்த குழப்பம் எண்ணில் வந்தது. இரண்டு உருளையிலும் 10 என்று இருந்தது. பத்தும் பத்தும் இருபதல்லவா? பெட்டிக்கு வேண்டியது ஐந்துக்கும் குறைவு. மீட்டரை வைத்து அளந்தாள். ஐந்து காட்டியது. மீட்டரைத் தட்டிவிட்டு மறுபடி அளந்தாள். அப்போதும் ஐந்து.

கடைக்குத் திரும்பி, வெடித்துப்போன உருளையைக் கத்திரியால் பிரித்துப் பார்த்தாள். பாய் மாதிரிச் சுருட்டிய இரண்டு தகட்டுத் தாள்கள், நடுவே ஈரக் காகிதம். தாள்களின் இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு அதிகமாக மின்சாரம் பிடிக்கும் என்பது பள்ளியில் படித்தது. அன்று வகுப்பில் பேசிக்கொண்டிருந்த நேரம் போகக் காதில் விழுந்த மிச்சம் அது. இரண்டை வரிசையாகக் கோத்தால் இடைவெளியும் இரண்டு. அப்படியென்றால் பிடிப்பது பாதி. பேட்டரி கூடும், இது குறையும். அவள் வைத்த 2.2 இரண்டும் சேர்ந்து 4.4 ஆகவில்லை, 1.1 ஆகியிருக்கிறது. கொசு வந்த வழி அதுதான். ஐந்து வேண்டுமென்றால் பத்தும் பத்தும் வேண்டும்.

பத்து இரண்டை எடுத்தாள். கோட்டோடு கோட்டை ஒட்டினாள். முதல்முறை ஈயம் உருண்டு மடியில் விழுந்து புடவையில் பொட்டு வைத்தது. இரண்டாம் முறை பிடித்தது. மீட்டர் ஐந்து என்றது. மாட்டிவிட்டு, பெட்டியைத் தெருப் பார்க்கத் திருப்பி, சத்தத்தை ஒரேயடியாகக் கூட்டினாள். டீக்கடைக் கண்ணாடிக் குவளைகள் கிணுகிணுத்தன. ஒரு பாட்டு, இரண்டு பாட்டு, ஐந்து பாட்டு. தொட்டுப் பார்த்தாள். உருளை சூடாகவே இல்லை. செல்போன் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"அக்கா! கேக்குதுக்கா! 'ச' கேக்குது! போதும்க்கா!"

"என்ன? சரியாக் கேக்கல, உரக்கச் சொல்லுங்க!"

போட்டியன்று அவள் அரங்கத்தின் மூலையில், பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம்வரை வாயே திறக்கவில்லை. காதை மட்டும் திறந்து வைத்திருந்தாள். சக்கரத்தம்மா மைக்கில் "சத்தம் போடாதீங்க" என்று ஒவ்வொரு முறை சொன்னபோதும் 'ச' முழு உடம்போடு வந்தது. பசங்க யாரும் கேட்டபாடில்லை என்பது வேறு விஷயம். பரிசு கொடுத்து முடித்ததும் சக்கரத்தம்மா சறுக்கிவந்து, "மிச்சம் ரெண்டு பெட்டியும் இருமுது. வந்து பாரு" என்றாள். பாராட்டு அவ்வளவுதான். அக்காவுக்கு அது போதும்.

செல்போன் கடைக்காரர் சொன்ன சொல் தவறாத மனிதர். "சரிக்கா, நான் அந்தப் பக்கச் சுவரைப் பாத்துக்கறேன்" என்று டேப்பை எடுத்துக்கொண்டு தையல் கடைப் பக்கம் போனார். போகிற போக்கில், "ஆனா ஒண்ணு. கை வந்துடுச்சுன்னு வாயை மூடிடாதீங்க, தெரு நல்லா இருக்காது" என்றார்.

வாயை மூடவில்லை. கவுண்டர் ஸ்டூலைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டாள், ஒரு கண் தெருவிலும் ஒரு கண் பெஞ்சிலுமாக. அடுத்த லோடில் நான்-போலார் வந்து இறங்கிய பிறகும், சின்னப் பெட்டிகளுக்கு அவள் இரட்டைகளைக் கட்டித்தான் வைத்தாள். கறுப்பு உறைமேல் வெள்ளை மையில் 'இது குப்பை இல்லை' என்று எழுதினாள், எண்ணையும் எழுதினாள். நாய்க்குட்டி வளர்க்கிறவர்கள் முதல் மேடைக் கச்சேரிக்காரர்கள்வரை வந்தார்கள். நாய்க்குட்டிக்காரர் அது கடித்த ஒயரோடு வந்தார். ஒருமுறை அவளே ஒரு பெட்டியைப் புகைய வைத்தாள். அதையும் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். வீட்டுக்காரர் பழைய வேனை விற்றுப் புது வேன் வாங்கினார். அதில் பாட்டுக் கேட்கிற வசதி முதல் நாளே போனது. இவள்தான் பார்த்தாள். அரங்கத்துத் தரையைப் பெயர்த்துப் புதுத் தரை போட்டார்கள். குழாய் இன்னும் இரண்டு முறை உடைந்தது.

கடலுக்கு அனுப்பிய குரல்செய்திகளுக்கெல்லாம் என்றைக்கோ நீல டிக் விழுந்திருந்தது. பதிலாக வந்தது ஒரு கட்டைவிரல் படம். அதன்பின் அவள் வாராவாரம் அனுப்பினாள். ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் ஒரு கட்டைவிரல் வரும். எந்தப் பெட்டி வந்தது, எதில் என்ன கோளாறு, எப்படிச் சரிசெய்தாள் என்று அவள் கால் மணி நேரம் சொல்வாள். கட்டைவிரல்.

அப்படி வருஷங்கள் போனபின் ஒரு முற்பகல். கவுண்டரில் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒருவரிடம் வியாழன் என்றும், ஒருவரிடம் வெள்ளி என்றும் சொல்லிக்கொண்டே அவள் பெஞ்சில் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தாள். போன் அதிர்ந்தது. கட்டைவிரலாக இருக்கும் என்று பார்க்காமலே விட்டாள். மூன்றாவது ஆளையும் அனுப்பிவிட்டு எடுத்துப் பார்த்தபோது, படமில்லை, எழுத்து.

"அக்கா, கப்பல் வேலை முடிஞ்சுது. அடுத்த மாசம் இறங்கறேன். உன் கடையில எனக்கு வேலை இருக்குமா?"